குழாயடியும் கயிற்றுக் கட்டிலும்

1958

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் தண்ணீர் நான்தான் எடுத்து வந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற குழாயில் பெண்கள் வரிசைக்கு நடுவில் ஆம்பிளை நான் ஒருவன். எங்கள் சந்தில் முதல் வீட்டு ராசம்மாள், இட்லி சுட்டு விற்கிறவள், சத்தமாகக் கேட்டாள்: "ஏனுங்க கவுண்டரே, அடுத்து வாசல் கூட்டிக் கோலம் போட எப்ப வாரீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். குடம் தோளில் இருக்கிறது. திரும்பிப் பதில் சொன்னால் பாதித் தண்ணீர் போய்விடும்.

சௌந்திரத்துக்கு ஆறாம் மாதம். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அந்தக் குழாயடிச் சேற்றில் குடத்தோடு விழுந்து ஒன்று கலைந்தது. தாய் இல்லாத பெண், பிரசவத்துக்கு அனுப்பவும் ஒரு வீடு கிடையாது. அவள் புருஷன், என் இளைய மகன் குழந்தைவேல், லாரி ஓட்டுகிறான். போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு யார் எடுப்பது?

இந்த டைரி எதிர்வீட்டு லாசர் கொடுத்தது. அச்சாபீசில் எழுத்துக் கோத்து ஓய்ந்தவர். விற்காமல் தங்கிய டைரியாம். நான் கைநாட்டு. "தினம் சாயங்காலம் நீங்க பேசறதத்தான் நான் கேக்கறேன். அத எழுதி வெச்சா என்ன குறைஞ்சிடும் கவுண்டரே?" என்றார். பேச்சு என்னுடையது, பிழை இல்லாமல் இருந்தால் அது அவருடையது.

மார்ச் 5

மாமனாரோடு மருமகள் நேரில் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. ஊரில் என்றால் நடுவில் யாராவது இருப்பார்கள். இங்கே ஒரே அறை. கதவைப் பார்த்து "சோறு ஆறுதுங்க" என்கிறாள். அந்தக் கதவுக்குக் கிடைக்கிற மரியாதை!

மார்ச் 12, புதன்

குழந்தைவேல் வந்தான். வந்ததும் வராததுமாக, "அப்பா, நீங்க கொடம் தூக்கறதச் சொல்லி லாரி செட்டுல சிரிக்கறானுங்க. அண்ணன் காதுக்குப் போனா என்னாகும்?" என்றான்.

"உங்கண்ணன் ஊட்டுல சும்மாதான் உக்காந்திருந்தேன். அப்பவும் ஒருத்தரும் மெச்சிக்கல, சாமி."

மூத்தவன் அர்த்தநாரி நாமக்கல் பக்கம் காடு தோட்டத்தோடு இருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு வரும். பேச்சுதான் வராது. ஒருநாள் நான் இருமினேன். அதற்குக்கூட யாரும் என்ன என்று கேட்கவில்லை.

இந்த டவுன் எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஒருவரும் நம்புவதில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்தால் மண்டியில் மிளகாய் நெடி, மூட்டை இறக்குகிற சத்தம், வண்டிக்காரர் சண்டை. ஊரில் ஒரு சண்டையை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் பேச வேண்டும். இங்கே மதியத்துக்குள் வேறு சண்டை வந்துவிடும். மகனும் மருமகளும் உள்ளே. எனக்கு வாசலில் சந்தோரமாகக் கயிற்றுக் கட்டில். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை. இந்த வயதில் வேறு என்ன வேண்டும்?

மார்ச் 20, வியாழன்

முனிசிபாலிட்டியில் புதுக் குழாய்கள் போடுகிறார்கள். சந்தே சேர்ந்து கேட்டால் நமக்கும் ஒன்று கிடைக்கும் என்று லாசர் மனு எழுதினார். கேட்பதில் எல்லோரும் ஒன்று. எங்கே நடுவது என்று வந்ததும் ஆளுக்கொரு பக்கம்.

ராசம்மாள்: "என்ற ஊட்டு முன்னால வேண்டாமுங்க. சேத்த மிதிச்சு வந்து இட்லி தின்பாங்களா?"

எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரர்: "விடியக்காலத்துல என் வாசல்ல குடச்சண்டையா? நல்லாயிருக்குதே."

லாசர் வீட்டு முன்னால் சாக்கடை போகிறது. அந்தச் சாக்கைச் சொல்வதில் அவருக்கும் சந்தோஷம்தான். உண்மைதானே லாசரு, எழுதுங்கள். — எழுதிவிட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

லாசருக்குப் பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று கோயிலிலேயே பொழுது போய்விட்டது. போன புதன்கிழமை தொடங்கி நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை முனிசிபாலிட்டி ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். பெரிய தெருக் குழாயிலிருந்து இழுத்தால் மூன்று இடத்தில்தான் நிற்குமாம். ராசம்மாள் வாசல், வீட்டுக்காரர் வாசல், என் கட்டில் கிடக்கிற இடம். "நாளைக்குள்ள ஒரு இடம் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த சந்துல போட்டுடுவேன். அவங்களும் கேட்டிருக்காங்க" என்றார். மற்ற இருவரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அன்று குழந்தைவேல் வீட்டில் இருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கம் பார்க்காமல் பேசினான்.

"இங்க போட்டா கட்டலுக்கு எடமில்லீங்கப்பா. உள்ளார மூணு பேரு எப்படிப் படுக்கறது? அதனால கொஞ்ச நாளைக்கு அண்ணங்கிட்ட..."

கெட்டவன் இல்லை என் மகன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனவன் திரும்பி வர ஒரு காரணம் வேண்டுமே. கிழவனுக்கு ஏது காரணம்?

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சௌந்திரம் எழுந்து நின்றாள். கதவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, அந்தக் கொழா நமக்கு வேண்டாமுங்க. நான் நடந்தே போயி எடுத்துக்கறேன். நீங்க எங்கியும் போக வேண்டாம்."

குழந்தைவேல், "நீ கம்முனு இரு" என்றான்.

"கண்ணாலம் ஆனதுலருந்து கம்முனுதானுங்க இருக்கறேன்."

நான் கட்டிலில் வந்து படுத்தேன். அவள் சொன்னது காதிலேயே இருந்தது. அவள் நடந்தே போவாளாம். எனக்குக் கால் ஓய்ந்தால்? நான் காய்ச்சலில் படுத்தால்? ஐப்பசியில் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தது ராசம்மாள். மாமனார் கிட்டே போகக் கூடாது என்று நான் வாசலில் கட்டையாக நின்றேன். என்ன மாமனார், என்ன வழக்கம்!

வியாழன் காலையில் ஓவர்சியர் வரும்போதே கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டேன். "இங்கியே நடுங்க சாமி" என்றேன்.

அவர் பின்சந்துப் பக்கம் கையைக் காட்டினார். "பொதுக் குழாய், பெரியவரே. பின்சந்துக்காரங்களும் வருவாங்க. அவங்கள எட்டி நில்லுன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது."

"தண்ணிக்குத்தானுங்க வாராங்க, பொண்ணு கேக்கவா வாராங்க?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராசம்மாள் முணுமுணுத்தபடி உள்ளே போனாள். ஓவர்சியர் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

சௌந்திரம் இப்போது கதவோடும் பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழி வெட்டிவிட்டார்கள். கட்டிலைப் போட இடமில்லை. நேற்று லாசர் வீட்டில் படுத்தேன். நாளை மறுநாள் குழந்தைவேல் நாமக்கல் பக்கம் பாரம் ஏற்றிப் போகிறான், அவனோடு நானும். மூட்டை கட்டியாகிவிட்டது. டைரியையும் எடுத்துப் போங்கள் என்கிறார் லாசர். எதற்கு? அங்கே எனக்கு யார் எழுதுவார்கள்?

ஏப்ரல் 25, வெள்ளி

போகவில்லை.

நேற்று லாரி சந்து முனையில் வந்து நின்றது. நான் லாசரிடம் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தால், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சௌந்திரம். மடியில் என் மூட்டை, காலடியில் அவள் துணிப்பெட்டி. ஏழு மாத வயிற்றோடு எப்படி ஏறினாளோ. கிளீனர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"எறங்கு புள்ள. தெருவே பாக்குது" என்றான் குழந்தைவேல்.

"பாக்கட்டுமுங்க. மாமா போனா நானும் வாரேன். கொழாத் தண்ணிய நீங்க ஒருத்தரே குடிங்க."

"உள்ளார எடம் எங்க இருக்குதுன்னு சொல்றே?"

"நீங்க மாசத்துல நாலு ராத்திரி ஊட்டுல படுக்கறீங்க. மத்த நாளெல்லாம் அந்த எடத்த யாருக்குங்க வெச்சிருக்கறீங்க?"

கிளீனர் பொத்திய வாயை விட்டுவிட்டான். குழந்தைவேலுக்கு முகம் சிவந்து பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லாசர் பின்னாலேயே வந்தார். "நீ வர்ற ராத்திரிக்கு உங்கப்பாவ என் முன்னறையில படுக்க வெச்சுக்கறேன். மத்த நாளைக்கு உன் வீட்டுல இருக்கட்டும். இதுக்குப் போய் லாரிய நிறுத்தி வெச்சிருக்க" என்றார்.

மகனே கட்டிலை உள்ளே தூக்கி வந்தான். நிலையில் இடித்ததில் ஒரு கால் ஆடுகிறது. நடுவில் சௌந்திரம் ஒரு பழைய சேலையைக் கட்டினாள்.

மே 9

குழாயில் தண்ணீர் வந்தது. முதல் ஆளாக நின்றவள் ராசம்மாள். சேறுதான் இட்லிக்கு ஆகாது போலிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

லாசர் மகளைப் பார்க்க மேட்டூர் போயிருக்கிறார். இன்றைக்கு எழுதுவது சௌந்திரம். ஐந்தாவது வரை படித்தவள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, கதவும் சொல்லவில்லை.

குழந்தை பெண். பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பகலில் தூங்கிவிட்டுக் குழாயடிச் சத்தம் தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. நான் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டித் தொட்டிலை ஆட்டுகிறேன். விடிந்ததும் வாசலில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுகிறேன், நாலு எட்டுத்தான். பின்சந்துப் பெண்கள், "தள்ளுங்க தாத்தா, நாங்க தூக்கி வெக்கறோம்" என்கிறார்கள். விடுவதில்லை.

பெயர் இன்னும் வைக்கவில்லை. என்னைத்தான் வைக்கச் சொல்கிறாள்.

சௌந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். "சொல்லுங்க மாமா, எழுதறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்கிறாள். அவளிடமே சொல்லி அவள் கையால் எப்படி எழுத வைப்பது? லாசர் வரட்டும்.