வழி பார்த்த கண்

செங்கோடை நாட்டை ஆளும் அரசி அல்லியங்கோதையாரின் ஆணைப்படி, அமைச்சன் காரிநம்பி கருங்கோட்டு மன்னர் கடுவரையருக்கு எழுதும் ஓலை. உமது ஏரிகள் நிறைக. உமது குடிகள் பசியறியாது வாழ்க. அவர்கள்மேல் எம் அரசிக்குப் பகையில்லை. உமக்கு வாழ்த்துக் கூற அரசி பணிக்கவில்லை, ஆகவே கூறவில்லை.

உடன்படிக்கையின் பிணையாக உமது கோட்டைக்கு வந்த அரசியின் கணவர் மாவேழனாரைத் தவணை கடந்தும் நீர் விடவில்லை. அப்பிரிவில் அரசி ஒரு பாட்டுக் கட்டினார். அவர் போன மலைவழியையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது என்றும், தோள் மெலிந்து வளை கழன்றது என்றும் அதில் சொன்னார். காதற்பாட்டில் எவர் பெயரும் வராதது இரு நாட்டுக்கும் பொதுவான மரபு. நீரோ அரசியின் பெயரைச் சேர்த்துப் பாடுவித்து, அவை சிரிக்கக் கேட்டீர். வளை நில்லாத கையில் வாள் எப்படி நிற்கும் என்றீராம். அழுகிறவளுக்குக் கோட்டை எதற்கு, முகம் துடைக்கத் துணி ஒன்று போதுமே என்றானாம் உமது படைத்தலைவன் மருதங்கொற்றன். பாடிய பாணனே வந்து தலை நிமிராமல் சொன்னான். அந்தப் பாட்டைக் கட்டியிருக்கவே வேண்டாமோ என்று அன்று அரசி ஐயுற்றார். இன்று அந்த ஐயம் இல்லை.

சிரித்த சூட்டோடு, உப்பு வணிகர் வேடத்தில் வீரர்களை அனுப்பினீர். அதுவும் மாவேழனார் போன வழியிலேயே. எம் நாட்டில் காவலற்ற வழிகள் பல உண்டு. ஒருத்தி கண்ணெடுக்காமல் பார்த்திருக்கும் வழி அது ஒன்றே. பாட்டின் முதலடியே அதைத்தானே சொல்லிற்று! தொலைவில் ஆள் அசையக் கண்டதும், அவர்தாமோ என்று அரசியின் நெஞ்சு துள்ளியது. பிறகு கழுதைகளைப் பார்த்தார். உப்புச் சுமந்து மலையேறும் கழுதைக்குத் தலை தாழும். இவையோ துள்ளி வந்தன. காவலரை அழைத்தார்.

வேடமிட்டு வந்த மருதங்கொற்றனும் உமது வீரரும் எம் சிறையில் நலம். முகம் துடைக்க அவனுக்கு ஒரு துணி தரப்பட்டது.

ஆகவே ஆணை இது: வரும் முழுநிலாவுக்குள் மாவேழனாரைப் பட்டப்பகலில், தனியே, அவ்வழியே வரவிடுக. அவர் வந்தால் உமது வீரர் திரும்புவர். வராவிட்டால் அவ்வழியே எம் படை இறங்கும். வேறொருவனுக்கு அவர் உடையை உடுத்தி அனுப்ப எண்ண வேண்டாம். அவர் நடையை அரசி அறிவார்.

அரசியின் கையிலிருந்து கழன்ற வளையை அரக்கில் அழுத்தி இவ்வோலைக்கு முத்திரை இடப்பட்டது.