பாண்டான் பச்சைச் சுவர்

மேரு, கிள்ளான்

அன்பு மகள் டீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். டப்ளின் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று காலை செபத்தில் ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எப்போதும் நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுதுவேன், இந்த முறை அதற்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். ஆஸ்பத்திரி வேலை நேரத்தில் படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

வீட்டு வேலை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கூரை, ஜன்னல், கேட் எல்லாம் ஆயிற்று, வெளிச்சுவருக்கு நிறம் பூசுவதும் வாசல் படிக்கு டைல்ஸ் போடுவதும்தான் பாக்கி. சுங்கை வே வாடகை வீட்டில் இருந்த இருபத்தெட்டு வருடமும் அந்த வீட்டுக்காரர் பூசிய நிறத்தில்தான் இருந்தோம், நம் வீட்டுக்கு வெளிர் நீலம்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாளே, அதனால் நிற அட்டையை அவளிடமே கொடுத்துவிடச் சொல்லி பெயின்டர் குருவிடம் சொல்லிவிட்டு நான் சுபாங் ஜெயாவுக்கு டைல்ஸ் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் முன்சுவர் முழுக்க பச்சை, பாசார் சந்தையில் விற்கும் பாண்டான் இலைக் கேக் இருக்குமே, அதே பச்சை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். குருவைப் பிடித்துக் கேட்டேன், "அங்கிள், ஆன்டிதான் இந்த நம்பர்ல விரல வச்சாங்க லா, நான் ரெண்டு தடவ கேட்டேன்" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வேலையாட்கள் எல்லாரும் நிற்கும்போதே அம்மாவைப் பார்த்து, "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை டீனா. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "நீலம்தானேங்க பூசியிருக்காங்க?" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். போன கிறிஸ்துமஸிலிருந்தே பார்வை மங்கல், கண்ணுக்கு முன்னால் கறுப்பாக நூல் நூலாக மிதக்கிறதாம். கோவிலில் வாசகம் வாசிப்பதை நிறுத்தினாளே, தொண்டை வலி என்று நம்மிடம் சொன்னாளே, தொண்டையில் ஒன்றும் இல்லை, எழுத்துத் தெரியவில்லை. நீ நர்ஸ், கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துதான் உன்னிடம் பேசும்போதெல்லாம் கொஞ்ச நேரத்திலேயே போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையல் வேலை இருக்கிறது என்று உள்ளே போனாள். கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையால் கண்ணின் பின்பக்கம் ரொம்பக் கெட்டுவிட்டது, ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டார். சர்க்கரை கிளினிக்கில் அவளுக்குக் கண் சோதனைக்கு இரண்டு முறை தேதி கொடுத்திருந்தார்கள். ஒன்று கூரை ஏற்றிய நாள், இன்னொன்று ஜன்னல் வந்த நாள். வீடு முடியட்டும் ஜோசஃபின், அப்புறம் போகலாம் என்று இரண்டு முறையும் சொன்னவன் நான்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

பச்சையை மாற்றிவிடுங்கள், ஊர் சிரிக்கும் என்று அவளே சொன்னாள். சரியென்று நல்ல வெளிர் நீலம் வாங்கி வந்து ஓரமாக ஒரு சதுரம் பூசச் சொன்னேன். கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இது ஏன் சாம்பலா இருக்கு? அந்தப் பக்கந்தான் எனக்கு நீலமாத் தெரியுது" என்று பச்சையைக் காட்டினாள். நான் குருவிடம் அந்தச் சதுரத்தின் மேலும் பச்சையையே பூசிவிட்டு, மற்ற மூன்று பக்கமும் அதையே பூசு என்று சொல்லிவிட்டேன். "அங்கிள், நிச்சயமா?" என்று கேட்டான், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். படிக்கு நான் பார்த்து வைத்த பளபளப்பான டைல்ஸும் வேண்டாம் என்றாகிவிட்டது. கடைக்கு அழைத்துப் போனேன், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கால் வழுக்காத சொரசொரப்பான கல்லாக எடுத்தாள். ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் கறுப்புப் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவளுக்கு அந்த நீலமும் எத்தனை மாதத்துக்கோ.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. போன ஞாயிறு வீடியோவில் நீ முடி வெட்டியதைக் காட்டினாய், அம்மாவும் நல்லா இருக்கு என்றாள். போனை வைத்த பிறகு என்னிடம், "குரல் மட்டுந்தாங்க கேட்டுச்சு, மூஞ்சி தெரியல. அவளைக் கிட்ட வச்சு ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்வை தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். லீவு கிடைத்தால் உடனே வா. பகல் வெளிச்சத்தில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடு.

நான் எழுதியதை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, நீயே சந்தேகப்பட்டுக் கேட்பது போலக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் சோதித்துக்கொள். மாதாவின் துணை உன்னோடு இருக்கட்டும், எங்கள் இருவருடைய ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அப்பா,
மாரிஸ்