மாதக் கடைசிக்குள் ஒரு மலை

3-9-87
தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு உத்தரவு வந்துவிட்டது. எத்தனையோ வருடம் காத்திருந்து, கடைசியில் கல்வராயன் மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளிக்கு. பஸ் அடிவாரத்தோடு சரி. அப்புறம் ஒற்றையடிப் பாதை, ஒரே ஏற்றம். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். இல்லையென்றால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாய்ப்பு எப்போதோ.

"மாடி ஏறவே முட்டியப் புடிச்சிக்கினு நிக்கிற. எழுதிக் குடுத்துடு கண்ணகி" என்றார் இவர்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஏறிப் பார்க்காமலே எப்படி எழுதிக் கொடுப்பது?

6-9-87, ஞாயிறு
மலைக் கிராமங்களுக்கு ஊசி போடப் போகும் நர்ஸ் சாலம்மாளோடு கிளம்பினேன். அவளுக்கும் என் வயதுதான். என் மகன் சிவசங்கரின் பழைய கான்வாஸ் ஷூ, புடவையைத் தூக்கிச் செருகிய கோலம் — அடிவார டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னா டீச்சர், போலீஸ்ல சேந்துட்டீங்களா?" கடையே சிரித்தது.

அந்த வெட்கத்திலேயே விறுவிறுவென்று ஏறினேன். "டீச்சர், ரயிலுக்கா போறோம்?" என்று பின்னாலிருந்து சாலம்மாள் கத்தினாள். காதில் வாங்கவில்லை. பாதிகூட ஏறவில்லை. நெஞ்சு எரிந்தது, ஈரப் பாறையில் வழுக்கி உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. திரும்பிவிட்டோம். இறங்குவது ஏறுவதைவிட மோசம்.

7-9-87
கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை.

12-9-87
தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன். சமதளத்தில் நடந்து மலைக்கு என்ன பயன்?

18-9-87
இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெங்கும் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்களாம். பஸ் இல்லை, பள்ளி இல்லை. துப்பாக்கிச் சூடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? இவர் வாசலைத் தாண்ட விடவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

27-9-87, ஞாயிறு
மறுபடி சாலம்மாளோடு. வழியில் மரத்தைப் பற்றி நான்தான் ஆரம்பித்தேன்.

"நெழல் குடுத்த மரத்த வெட்டி இன்னா கெடச்சுது சாலம்மா?"

"மரத்த வெட்டினாத்தான் மெட்ராசுக்குக் காது கேக்குது. எம் புள்ள டிப்ளமா முடிச்சிட்டு கரும்பு வெட்டிக்கினு இருக்கான். அத யாரு கேட்டாங்க?"

"கேக்கறது நியாயம்தான். கேக்கற விதம் சரியில்ல."

"விதமா கேட்டப்போ குடுத்துட்டாங்களா?"

"ஒடம்பு முடியாதவங்க எப்படிப் போவாங்க? நீயே நர்சு."

"நான் போனேனே. மரத்து மேல ஏறிக் குதிச்சிப் போனேன். நீங்க வூட்டுக்குள்ள மாடிப்படி ஏறிக்கினு இருந்தீங்களாமே."

கோபம் வந்துவிட்டது. அவள் விடவில்லை, நானும் விடவில்லை. பதில் தேடிக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினால் ஓட்டுக் கூரை தெரிகிறது. பள்ளிக்கூடம். அன்றைக்கு உட்கார்ந்த பாறையை எப்போது கடந்தோம்? சாலம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு வார்த்தைகள் இன்னும் மிச்சமிருந்தன.

அன்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன். பேச முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும் போல. வகுப்பில் மட்டுமே பேசிப் பழகியவளுக்கு இது எப்படித் தெரியும்?

30-9-87
சேர்ந்துவிட்டேன்.

22-10-87
மழை. அட்டைக்கடி. ஏழாம் வகுப்பில் கூரை ஒழுகுகிறது. முட்டி வலி இருக்கிறது. முன்பு இருந்த அளவுதான்.

10-12-87
சின்னசேலத்தில் தலைமையாசிரியர் இடம் காலியாம். ரயில்கூட இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்று இவர் சாலம்மாளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். "சாருக்கு ஓட்டல் சோறு சலிச்சிப்போச்சி டீச்சர்" என்று அவள் வேறு சிரித்தாள்.

பொங்கலுக்கு இவரை இங்கே வரச் சொல்லியனுப்பினேன். வரும்போது வீட்டு முருங்கையில் ஒரு போத்து வெட்டி எடுத்து வரச் சொன்னேன். இந்தக் குளிருக்கு வேர் பிடிக்குமா, தெரியவில்லை. நட்டுப் பார்க்கலாம்.