விசில் ஊதாத ஏப்ரல் பத்தொன்பது

மார்ச் 25
பரணிலிருந்து என் குடியேறி வேஷத் தொப்பிப் பெட்டியை இறக்கினேன். ஓட்ட நாளுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. 1892 ஏப்ரல் 19-இல், இங்கே ஒக்லஹோமாவில், துப்பாக்கி வெடித்ததும் குடியேறிகள் ஓடிப்போய்க் குச்சி நட்டு நிலம் பிடித்தார்களே, அதே மாதிரி என் நாலாம் வகுப்பும் மைதானத்தில் ஓடும். இருபத்து நான்கு வருடமாக விசில் என் வாயில்தான். என் கொள்ளுத்தாத்தா பிடித்த நிலம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மார்ச் 27
இந்த வருடம் புதிதாக ஒன்று. சுவர் நிறைய வரைபடம். அவரவர் குடும்பம் ஒக்லஹோமாவுக்கு வந்த வழியை நூல் கட்டிக் காட்ட வேண்டும். சிறுமி மின்னுடைய நூல் வியட்நாமில் தொடங்குகிறது. பிரெய்லனுடையது மிசூரி. "என்னோடதுதான் ரொம்ப தூரம்!" என்று மின் குதிக்கிறாள்.
நெவா டால்பேர் நூலைத் தொடவே இல்லை.

மார்ச் 28
ஏன் என்று நெவாவிடம் கேட்டுவிட்டேன். ஷையான் பழங்குடிப் பெண், மெதுவாகத்தான் பேசுவாள்.
"நீங்க பிடிச்ச நிலம் எங்களோடது, மிஸ். எங்கப்பாவும் உங்ககிட்டதான் படிச்சார். அவரையும் ஓட விட்டீங்களாம். முதல்ல வந்தாராம். வீட்ல யாரும் அன்னிக்கு அவரோட பேசலையாம்."
லெஸ்டர்! நீல ரிப்பன் குத்தி, கைதட்டி... அடிப்பாவி, நானா? நான்தான்.

மார்ச் 29
பள்ளியின் பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 19 அன்று நெவா வரவில்லை.

ஏப்ரல் 2
பிரின்சிபால் டுவேனிடம் ஓட்டம் வேண்டாம் என்றேன்.
"கொரீன், அம்மாமாருங்க ஓட்டத்துக்குப் பாவாடையெல்லாம் தச்சு வச்சிருக்காங்க. ஊரே போட்டோ எடுக்க வரும். அவங்க கையால எனக்கு அடி வாங்கித் தரப்போறியா?"
"வரட்டும். பிள்ளைங்க அந்த நூலைக் காட்டிக் கதை சொல்லும், கேட்டுட்டுப் போகட்டும்."
"வாய் இருக்கே உனக்கு!" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 12
அன்றைக்கு வருவதாக நெவா இன்னும் பிடி கொடுக்கவில்லை. அவள் வராவிட்டால் நான் செய்தது வெறும் ஜோடனைதான். லெஸ்டருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 18
பதில் இல்லை.

ஏப்ரல் 19
வந்தாள். லெஸ்டரும் கூடவே, வேலைச் சட்டையோடு.
வரைபடத்தில் வடக்கே ஏரிகளில் நூலைத் தொடங்கினாள் நெவா. "அங்க நாங்க சோளம் போட்டோம்." மேற்கே ஆற்றுக்கு, அப்புறம் மலைக்கு, பிறகு சிப்பாய்கள் தெற்கே தள்ளிய வழி. கான்சஸ் தாண்டியதும் நூல் தீர்ந்துவிட்டது.
"பத்தலை, மிஸ்."
என் பழைய தொப்பியின் நாடாவைச் சர்ரென்று உருவிக் கொடுத்தேன். முடிச்சுப் போட்டு நம் ஊரில் ஊசி குத்தினாள். "நாங்க வந்தப்போ இங்க வேலி கிடையாது," என்றாள். படமெடுக்க வந்தவர்கள் போனைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்கள். இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.
லெஸ்டர் கிளம்பும்போது, "உங்க கடிதம் வந்துச்சு, மிஸ்," என்றான்.
பதிவேடு: இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரும் வந்தார்கள்.