தணல் சட்டியில் எஞ்சின் கரி

1962 மார்கழி 3, திங்கள்

விடிய முதல் மழை. குருநகர்த் தெரு முழுக்கச் சேறு. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாயிற்று. தங்கை றீற்றா பிள்ளை பெற்று ஒரு கிழமை கழிந்துவிட்டது. ஆண். சின்ன உருவம், பெரிய சத்தம்.

விறகு நனைந்துவிட்டது. வாங்க: சாம்பிராணி, தீப்பெட்டி, சிரட்டைக்கரி.

பின்னேரம் றீ.யின் புருசன் அந்தோனி வந்தான். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. ஸ்ரேசனில் சிந்திக் கிடந்ததாம், ஒரு சாக்கு நிலக்கரி. கல்லுப் பாரம். அவன் தாய், பக்கத்து வளவு மாமி, அவவுக்கு வாயெல்லாம் பல்.

4, செவ்வாய்

குசினியில் மூட்டினோம். பிடிக்கக் கஷ்டம், பிடித்தபின் அணையவே இல்லை. சோறு கெதியாக வெந்தது. புகை மஞ்சள் கலந்த கறுப்பு. தொண்டை கரகரப்பு.

பிள்ளையின் ஞானஸ்நான உடுப்பைக் குசினித் தாழ்வாரத்தில் காயப் போட்டிருந்தேன். முழுக்கக் கறுப்புப் புள்ளி. தேய்த்தால் மஞ்சளாக இழுபடுகிறது. வந்த கோபத்துக்கு அளவில்லை.

6, வியாழன்

மழை விடவில்லை. கிணறு உவர் என்பதால் கூரைப் பீலித் தண்ணீரைத்தான் பீப்பாயில் பிடித்துக் குடிக்கிறோம். இன்று வாயில் வைக்கப் புளிப்பு. தீக்குச்சி உரசிய மணம். படித்தது நினைவு வந்தது: நிலக்கரியில் வரும் கந்தகப் புகை தண்ணீரில் கரைந்தால் அமிலம். பீப்பாயைக் கவிழ்த்தேன். நல்ல தண்ணீரை வீணாக்குகிறேன் என்று மாமி முணுமுணுப்பு. ஊர் முழுக்க இதை எரித்தால் மழையே புளிக்கும்.

7, வெள்ளி



முதல் வெள்ளிப் பூசைக்குப் போய் வந்தால் றீ.யின் அறையில் கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாதாம். கட்டிலடியில் தணல் சட்டி. உள்ளே போனதும் கண் எரிந்தது. றீ. தலை தூக்க முடியாமல் ஓங்காளித்துச் சத்தி எடுத்தபடி. பிள்ளையின் உதடு நீலம். அழவில்லை. தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன், மழைக்குள். முதுகைத் தட்டத் தட்ட ஒரு இருமல், பிறகு அழுகை. மாதாவே.

சட்டியில் எஞ்சின் கரி. சிரட்டைக்கரி முடிந்ததென்று மாமி நிரப்பியிருக்கிறா.

"உதும் கரிதானே, பிள்ளை?" என்றா. முகத்தில் ரத்தமே இல்லை.

ஓம், பேர் ஒன்றுதான். வீட்டில் எவரும் நிலக்கரி என்று சொல்வதில்லை.

ஆஸ்பத்திரி. பூட்டிய அறைக்குள் எந்தக் கரியும் கூடாது, இது இன்னும் மோசம் என்று டொக்டர் ஏசினார். இரண்டு பேரும் தப்பினார்கள்.

9, ஞாயிறு

வெயில். வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளை பால் குடிக்கிறான், நெஞ்சில் இன்னும் இழுப்பு. யன்னல் திறந்தபடி. அந்தோனி வந்து சாக்கைத் தூக்கிப் போனான். நிம்மதி. மாமி மட்டும் இந்தப் பக்கம் வரவேயில்லை. வெட்கம்போல.

மத்தியானம் யன்னலால் அதே மணம். பிள்ளை இருமத் தொடங்கினான். யன்னலைச் சாத்திவிட்டு வேலிக்கு ஓடினேன். மாமியின் முற்றத்தில் அடுப்பு, மேலே பெரிய கிடாரம், கீழே எஞ்சின் கரி, பக்கத்தில் அந்தோனி தூக்கிப் போன சாக்கு. காற்று நேரே எங்கள் பக்கம்.

ஏச வாய் திறந்தேன். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"உங்கடை வீட்டுக்குள்ளை இனி மூட்டமாட்டன், பிள்ளை. பேரனைத் தோயவாத்துக் குளிப்பாட்டத்தான் இஞ்சை வைச்சுத் தண்ணி சுடவைக்கிறன்."