உப்பு உண்ணாத ஒரு வழக்குரையாளரைத் தேடி

“பெரியம்மா, நான் தூங்கிவிட்டால் என்னைக் கொண்டுபோய்விடுவார்களா?” என்று ஐந்து வயதுக் குழந்தை ஒருத்தி எம்மைக் கேட்டாள். அவளைத் தட்டித் தூங்கவைத்த எமக்கும், அவளைப் பெற்ற இருவருக்கும் அருள்புரியும் இறைவன் திருவடி வாழ்க.

வேங்கைநாடு காக்கும் அரசி சோலையாண்டாள், எம் எல்லையூராகிய காவிமங்கலத்து வழக்குரையாளர் கூத்தன் அறவாணருக்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் ஏரி நிறைக. உம் மனை விளக்கு நின்று எரிக.

அக்குழந்தை அமுதாள், எம் தங்கை உமையாளின் மகள். உமையாளும் பவழநாட்டுக் கடற்படைத் தலைவர் வீரகேதுவும் மனம் ஒட்டாமல் மணமுறிவு கோரி அந்நாட்டு அறச்சபையில் நிற்கிறார்கள். முறிவில் இருவருக்கும் மறுப்பில்லை. குழந்தை எவரிடம் வளர்வது என்பதே வழக்கு. வரும் முழுநிலவன்று சபை கூடும். வழக்குரையாளர் இல்லாதவர் சொல் அங்கே ஏறாது. குழந்தை எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.

ஒருவர் வீட்டு உப்பை உண்ட வழக்குரையாளர் அவருக்கு எதிராகப் பேசலாகாது என்பது பவழநாட்டு வழக்கம். தேர்த்திருவிழாவன்று வீரகேது தலைநகரத்து வழக்குரையாளர் அனைவரையும் அழைத்து விருந்திட்டார். யாமோ அதைப் பக்தியென்று நம்பி, அவ்விருந்துக்கு எம் நாட்டு நெய்யையும் அனுப்பிவைத்தோம். பின்னர் எம் தூதர் அம்பலக்கூத்தர் வீடுவீடாகச் சென்று கேட்டபோது, முதியவர் ஒருவர், “தூதரே, உம் அரசியின் நெய் மணத்துக்கு மயங்கித்தான் என் நாக்கை விற்றுவிட்டேன்,” என்று சிரித்துக் கதவைச் சாத்தினாராம்.

வடக்கிலிருந்து நம்பிராயர் என்னும் புகழ்பெற்றவர் வந்தார். தந்தை குழந்தையை அடித்தார் என்று யாம் சத்தியம் செய்தால் வெற்றி உறுதி என்றார். வீரகேது கடுஞ்சொல்லர், ஆயினும் குழந்தைமேல் கைவைத்தவர் அல்லர். ஆகவே மறுத்தோம். உமையாள் எம் காலைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, உன் புண்ணியத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு என் பிள்ளை போதும்,” என்றாள். அச்சொல் எம்மை இன்னும் சுடுகிறது. எனினும் நம்பிராயரை அனுப்பிவிட்டோம். எம் மலைநாட்டில் பெருஞ்சபை கண்டவர் எவரும் இல்லை. நீரும் மறுத்தால் எமக்கு வேறு வாயில் இல்லை.

உம்மை ஏன் தேர்ந்தோம் என்று கேட்பீர். உம் ஊர்ச்சபையில் எதிர்த்தரப்புப் பெண் பேச்சு வராமல் விம்மியபோது, சிலர் நகைத்தார்களாம். நீர் உம் வாதத்தை நிறுத்தி, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் செய்து, அவள் குடித்து முடிக்கும்வரை அமர்ந்திருந்தீர். உம் கட்சிக்காரர் பல்லைக் கடித்தார் என்று அங்கிருந்த எம் தூதர் சொன்னார். பெரும்புகழை நம்பிக் கெட்ட யாம், அந்த ஒரு குவளை நீரை நம்புகிறோம்.

ஆதலால், எம் தூதர் கொணரும் அரண்மனை உப்பை உண்டு, அவரோடு உடனே புறப்படுவீராக. வழியில் எவர் அழைத்தாலும் இலையில் அமராதீர். வீரகேதுவின் ஆட்கள் சத்திரந்தோறும் சோறாக்கிக் காத்திருக்கிறார்கள். கட்டுச்சோறும் மோரும் அனுப்பியுள்ளோம். சபையில் பொய் ஒன்றும் உரையாதீர். இது எம் ஆணை. ஆணை என்பதைவிட எம் மன்றாட்டு. வேங்கைப்பூ முத்திரை இட்டோம்.

இந்த ஏடு தனி. எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு என் கையால் எழுதுகிறேன். அமுதாள் பிறந்த அன்று ஆற்றில் வெள்ளம். ஓடக்காரர் எவரும் துணியவில்லை. வீரகேது தாமே துடுப்புப் போட்டு, அக்கரையிலிருந்து மருத்துவச்சியை அழைத்துவந்தார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. நினைவிழந்து கிடந்த உமையாள் அதை அறியாள், அவரும் சொல்லிக்காட்டியதில்லை. குழந்தை எங்களுக்குக் கிடைத்தால், கப்பல்கள் கரையில் நிற்கும் மழைமாதங்களில் அவள் தந்தையோடு இருக்கட்டும் என்று, உம் எண்ணம் போலவே சபையில் கேளும். இது என் சொல் என்று அவரும் அறியவேண்டாம். படித்ததும் ஏட்டை அடுப்பில் இடும்.