எழுந்தால் தலைசுற்றுமா?

ஈப்போ,
8.3.1983

அன்புள்ள ரோசரிக்கு,

நீயும் நவமணியும் தாப்பாவில் நலம்தானே? பிரிந்து ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு வெகுநாளாகவே இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்திருக்கிறது. போன மாதம் நாற்காலியிலிருந்து எழுந்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்தார்கள். எழுந்தால் தலைசுற்றுமா, சாப்பிடும்போது முகம் வியர்க்குமா என்று பன்னிரண்டு கேள்விகள். இல்லையென்றால் பூஜ்யம், மிக அதிகமென்றால் மூன்று. அந்த நோயால் தானாக இயங்கும் நரம்புகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று கூட்டிப் பார்ப்பார்களாம்.

கூட இருந்து பார்த்தவர் நிரப்ப இன்னொரு தாள். "வீட்டுல யாரு இருக்கா அங்கிள்?" என்று நர்ஸ் கேட்டாள். உன் பெயரைத்தான் சொன்னேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி, எப்போது தொடங்கியது என்றும் எழுதி அனுப்பு.

சவரிநாதன்

தாப்பா,
15.3.1983

நவமணி அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். நவமணி ஆறாம் பாரம் படிக்கிறாள்.

தாளை நிரப்ப மூன்று நாளானது. கோலா கங்சார் எஸ்டேட்டில் புகைக்கூட வேலை முடிந்து வருவீர்கள். சட்டையெல்லாம் ரப்பர்ப் புகை மணக்கும். இரண்டு வாய் சோற்றிலேயே நெற்றியில் வியர்வை கொட்டும். "குழம்பு உறைக்குதா?" என்பேன். சிரிப்பீர்கள். அதற்கு மூன்று போட்டேன்.

1975இல் நவமணி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசையில், முழங்காலிலிருந்து எழுந்தவர் பெஞ்சோடு சாய்ந்தீர்கள். "கள்ளுக்கடையிலேருந்து நேரா கோயிலுக்கு வந்துட்டீங்களா?" என்று எல்லார் முன்னும் கேட்டேன். அதற்கும் மூன்று. மறுவருஷம் நான் கிளம்பிவிட்டேன்.

அன்று குடித்திருந்தீர்களா? உண்மையை எழுதுங்கள்.

ரோசரி

ஈப்போ,
21.3.1983

அன்புள்ள ரோசரிக்கு,

அன்று குடிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே விட்டுவிட்டேன். ஆனால் அதுவரை குடித்தவன்தானே? பழைய கள்தான் உடம்பை விட்டுப் போகவில்லை என்று நானே நம்பினேன். அதனால்தான் நீ பெட்டியைத் தூக்கியபோதும் வாய் திறக்கவில்லை.

என் தாளில் மொத்தம் பதினான்கு. உன் தாளில் இருபத்தொன்று. "அவங்க நல்லா கவனிச்சிருக்காங்க அங்கிள்" என்றாள் நர்ஸ். டாக்டர் உன் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார். மருந்தை மாற்றியிருக்கிறார்.

எஸ்டேட்டில் நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்களாம். நீ வைத்த ரம்புத்தான் மரம் மட்டும் நிற்கிறது என்று என்னோடு புகைக்கூடத்தில் வேலை பார்த்த பத்துமலை சொன்னான்.

சவரிநாதன்

தாப்பா,
27.3.1983

நவமணி அப்பாவுக்கு,

ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாமே. அந்தக் கோபம் உங்கள் மேல் இருக்கிறது. கேட்காமலே தீர்ப்புச் சொன்னேனே என்று என் மேலும் இருக்கிறது. இரண்டும் கடிதத்தில் தீராது.

பெரிய சனிக்கிழமை காலை பஸ்ஸில் நவமணியோடு வருகிறேன். மூவரும் ஈஸ்டர் பூசைக்குப் போகலாம்.

கதவைத் தாழிடாமல் வையுங்கள். சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்துவிடாதீர்கள். உட்கார்ந்தே இருங்கள். நான் உள்ளே வருகிறேன்.

உங்கள் ரோசரி